"நான் அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன்": முப்பதைத் தாண்டிய பிறகு அனோரெக்சியாவிலிருந்து மீள்வது

ஆவணிமாலை | திங்கள், இரவு 10.40

எனக்கு 37 வயது. நங்கநல்லூரில் வீடு, தியாகராய நகரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. வீட்டில் கணவர், மாமியார், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன். எனக்கு இருப்பது அனோரெக்சியா, அதாவது சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உடம்பைப் பட்டினி போட வைக்கும் மனநோய், என்று சென்ற ஆண்டுதான் ஒரு மனநல மருத்துவர் சொன்னார். அதற்கு முன் போன இடத்தில் எல்லாம் தைராய்டு பார்த்தார்கள், எண்டோஸ்கோபி எடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பெண்ணுக்கு இதெல்லாம் வராதே என்று ஒருவர் சிரிக்கவே செய்தார்.

இப்போது மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பார்க்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி, எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அழுதுகொண்டாவது சாப்பிட்டுவிடுகிறேன். ஆனால் பட்டினி கிடந்தபோது இல்லாத தொல்லையெல்லாம் சாப்பிட ஆரம்பித்த பிறகு வருகிறது. நான்கு வாய் போனதும் வயிறு கல்லாகிவிடுகிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இரவில் வேர்த்துத் தலையணை நனைகிறது. மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. தேறி வருகிறாய் என்று டாக்டர் சொல்கிறார், கண்ணாடி வேறொன்று சொல்கிறது.

இதைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் பதினாறு வயதுப் பெண்ணின் பெற்றோருக்கு எழுதியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வேளையும் சாப்பிட வைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அந்த அம்மா நான்தான். சமைப்பது நான், டப்பா கட்டுவது நான், பரிமாறுவது நான். "நான் அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு குடும்பப் பெண் சொன்னால் நம் ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? பொறுப்பான மருமகள் என்று பாராட்டுவார்கள். என் நோய் பல வருடம் அந்தப் பாராட்டுக்குப் பின்னால்தான் குடியிருந்தது.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள், அதுவும் வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு தாண்டியவர்கள், எப்படிச் சமாளித்தீர்கள்? ஒரு வேண்டுகோள்: எடை, கலோரி, அன்றும் இன்றும் எடுத்த படங்கள் எதுவும் இங்கே வேண்டாம். அவற்றைப் பார்த்தால் நான் எதற்குத் திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.


கொன்றைப்பூ | செவ்வாய், காலை 6.15

ஆவணி, முதலில் ஒன்று. நீ சொல்லும் ஒவ்வொன்றும் எனக்கு வந்தது. எனக்கு இப்போது 46, மயிலாப்பூர். நோய் பிடித்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. முழுதாக வெளியே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

வயிறும் தசையால் ஆனதுதான். மாதக்கணக்கில் வேலை கொடுக்காமல் வைத்தால் அது மெதுவாகத்தான் இயங்கும். உள்ளே போனது வெளியேற நேரமாகும், அதனால்தான் கொஞ்சத்திலேயே நிரம்பிவிட்டது போல் இருக்கிறது. அதற்கு மருந்து மறுபடி சாப்பிடுவதுதான். வேளை தவறாமல் சாப்பிடச் சாப்பிடச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், வயிறு பழைய வேகத்துக்கு வரும். வயிறு உப்புகிறதே என்று ஒரு வேளையை விட்டால் மறுபடி ஆரம்பத்தில் போய் நிற்பாய். என் உணவியல் நிபுணர் செய்த நல்ல காரியம், தட்டில் இருந்த கீரையையும் பச்சைக் காய்கறியையும் குறைத்ததுதான். கேட்கவே விசித்திரமாக இருந்தது. "உங்கள் வயிற்றில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் முட்டைக்கோஸுக்கு வாடகைக்கு விடாதீர்கள்" என்றார். பருப்புப் பொடியும் நெய்யும், தேங்காய்த் துவையல், வேர்க்கடலை, கெட்டித் தயிர் என்று போனது என் தட்டு. ஒரு கரண்டி நெய்யை வெண்பொங்கலின் மேல் ஊற்றி அது உருகி ஓரத்துக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொங்கல் ஆறி இறுகிப்போனது, பிறகுதான் சாப்பிட்டேன். ஆனால் சாப்பிட்டேன்.

இன்னொன்று, பசி வந்தால் சாப்பிடலாம் என்று காத்திருக்காதே. இந்த நோயில் பசி பொய் சொல்லும். கடிகாரம் சொல்லாது.

இனி நீ உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். கரண்டியை வேறொருவர் கையில் கொடு. சமைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, பரிமாறுவதை நிறுத்து. எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதலில் தட்டு வைப்பது எனக்கு என்று ஆக்கினோம். பரிமாறியது என் மாமனார். சாதம் எவ்வளவு, குழம்பு எவ்வளவு என்று அவர் அறிந்த அளவில் போடுவார், எனக்கு அதில் பேச்சு இல்லை. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாரும் கடைசியில் இல்லை. எனக்குத் தைரியம் வந்த பிறகு சாப்பிட ஆரம்பித்தேன் என்று நினைக்காதே. சாப்பிட்டு வெகு நாள் கழித்துத்தான் தைரியம் வந்தது. மனம் சம்மதிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் உட்கார்ந்திருப்பேன்.


மருந்துச்சீட்டு | செவ்வாய், பிற்பகல் 2.50

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்ப்பவன். இது பொதுவான தகவல், உங்கள் டாக்டர் சொல்வதற்கு மாற்று அல்ல.

சகோதரி, கணுக்கால் வீக்கம் மறுபடி சாப்பிடத் தொடங்கும் காலத்தில் பலருக்கும் வருவது. உடல் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, பெரும்பாலும் தானே வடியும். ஆனாலும் உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். இரவு வேர்ப்பதும் அதே போலத்தான். குறைத்து வைத்திருந்த எரிபொருள் செலவை உடல் கூட்டுகிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெகுநாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் இன்றிலிருந்து நிறையச் சாப்பிடுகிறேன் என்று வீட்டிலேயே இறங்கக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் சிலர், வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்துபோனார்கள். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கிறது. அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் பாஸ்பேட் தடாலென்று இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மூச்சுத் தசைகள் சோரலாம். முதல் இரண்டு வாரங்கள்தான் கண்டம். அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, உணவைப் படிப்படியாக ஏற்றுகிறோம். படபடப்பு, மூச்சுத் திணறல், மயக்கம், மனக்குழப்பம், விறுவிறுவென்று பரவும் வீக்கம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாதவிலக்கு பற்றி: இந்த நோயில் அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிட்டது என்று பொருள், எலும்பு தேயும். கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் உதிரப்போக்கை வரவழைத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். அந்த உதிரப்போக்கு மாத்திரையின் வேலை. அந்த மாத்திரை இந்த நோயில் எலும்பைக் காப்பதாக நிரூபணம் இல்லை. கால்சியமும் வைட்டமின் டியும் தேவைதான், ஆனால் அவை மட்டும் போதாது. எடை தேறி, மாதவிலக்கு தானாகத் திரும்புவதுதான் எலும்புக்கு மருந்து. இதுவரை எடுக்கவில்லை என்றால், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது பற்றிக் கேளுங்கள்.


நேர்பேச்சு | செவ்வாய், இரவு 9.05

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் பாட்டி ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் என்று பட்டினி இருந்தவர். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். அவருக்கு யாரும் நோய்ப் பெயர் வைக்கவில்லை. இது கைப்பேசியில் படம் பார்த்து வரும் மேல்நாட்டு வியாதி. வசதியானவர்களின் கவலை. நல்ல மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் வைத்தால் யார்தான் சாப்பிட மாட்டார்கள்?


கொன்றைப்பூ | செவ்வாய், இரவு 9.40

ஐயா, ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பாட்டி அன்று பொழுது விடிந்ததும் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் என்று இலை போட்டுப் பாரணை முடித்திருப்பார். எங்களுக்குத் துவாதசி வருவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ரசம் வைத்தால் சாப்பிடுவார்கள் என்கிறீர்கள். நான் வைத்த ரசத்தைத் தெருவே புகழ்ந்தது. நோய் முற்றியிருந்த காலத்தில்தான் நான் மிக நன்றாகச் சமைத்தேன், தெரியுமா? இரவெல்லாம் சமையல் குறிப்புகளைப் படிப்பேன், தீபாவளிக்கு ஏழு வீட்டுக்குப் பட்சணம் செய்து அனுப்புவேன். இது என் சுபாவம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் மினசோட்டா ஆய்வு பற்றிப் படித்தேன். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் தொடங்கினார். போருக்குப் போக மறுத்த 36 ஆண்கள், உடலும் மனமும் திடமானவர்கள், தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இல்லை. ஆனாலும் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், உணவைக் கனவு கண்டார்கள், ஒரு தட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அளைந்தார்கள், தட்டை நக்கினார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள், சிடுசிடுத்தார்கள், ஒதுங்கிப்போனார்கள். சாப்பாடு மறுபடி கிடைத்த பிறகும் மாதக்கணக்கில் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. என் குணம் என்று நான் நினைத்ததில் பாதி, பட்டினியின் குணம். ஆவணி, கண்ணாடி பேசுகிறது என்றாயே, அதில் எவ்வளவு பேச்சு பட்டினியுடையது என்று உடம்பு தேறிய பிறகு பார்.


மருந்துச்சீட்டு | செவ்வாய், இரவு 11.20

நேர்பேச்சு அவர்களுக்கு. கைப்பேசி வியாதி என்றால் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689-இலேயே இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்க மாட்டார். ஆங்கில மருத்துவர் வில்லியம் கல் இந்த நோய்க்கு இன்றைய பெயரை வைத்தது 1873-இல். பாடகி கேரன் கார்ப்பென்டர் 32 வயதில் இதன் விளைவாக இதயம் நின்று இறந்தது 1983-இல்.

மேல்நாட்டு வியாதியும் இல்லை. 1990-களில் சென்னை மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். முழு நோய் இல்லாவிட்டாலும், உண்பதைப் பற்றியும் எடையைப் பற்றியும் வேதனைப்பட்டவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். அது இணையமே வீட்டுக்குள் வராத காலம்.

நம் பக்கத்து நோயாளிகளிடம் இன்னொரு தன்மை உண்டு. குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைப் பலர் சொல்லவே மாட்டார்கள். வயிறு நிறைந்திருக்கிறது, இறங்கவில்லை, பசியே இல்லை என்பார்கள். ஹாங்காங் மனநல மருத்துவர் சிங் லீ 1990-களில் தம் நோயாளிகளிடம் இதைத்தான் கண்டார். அதனால் இவர்கள் மனநல மருத்துவரிடம் வருவதில்லை, வயிற்று டாக்டரிடம் போய் வாயு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

வசதியானவர்களின் கவலை என்றீர்கள். மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றில் இது ஒன்று. அந்த அளவுக்கு மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.


நெறியாளர் | புதன், காலை 7.30

எடையும் உணவளவும் குறிப்பிட்டிருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார். இழையைத் தொடங்கியவர் கேட்டுக்கொண்டதை எல்லோரும் மதிக்க வேண்டும்.


திருவல்லிக்கேணி நூர் | புதன், காலை 11.10

விரதப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்கு 41. ரமலான் மாதம்தான் என் நோய்க்குக் கொண்டாட்டம். வீடே பட்டினி இருக்கும்போது என்னை யார் கேட்பார்கள்? டாக்டர் நோன்பு கூடாது என்றபோது பள்ளிவாசலுக்குப் போகிற என் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன், திட்டுவார் என்று நினைத்தேன். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு என்று குர்ஆனிலேயே இருக்கிறது, நாள்பட்ட நோய் என்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்றார். அந்த மாதம் முழுவதும் பகல் சாப்பாட்டை அண்ணி என் அறைக்குக் கொண்டுவந்து, நான் முடிக்கும் வரை ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். இஃப்தாருக்குக் கஞ்சியும் வடையும் எல்லோருடனும்.

இந்துச் சகோதரிகள் வீட்டிலும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என் தோழி சஷ்டி விரதத்தை விட்டுவிட்டு வடபழனியில் விளக்குப் போடுகிறாள். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.


பல்லாவரத்தான் | புதன், இரவு 10.15

என் மனைவிக்கு 34. இந்த மாதம்தான் சிகிச்சை தொடங்கியிருக்கிறோம். ஆண்கள் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு ஒரே கேள்வி: என்ன பேச வேண்டும்? முகம் தெளிந்திருக்கிறது என்றால் அழுகிறாள். பேசாமல் இருந்தால், கவனிக்கவே இல்லை என்கிறாள். அவள் சமையலறையில் நின்றபடியே, அடுப்பைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுவதைப் பார்க்கிறேன். உட்காரச் சொன்னால் சண்டை.


ஆவணிமாலை | புதன், இரவு 10.50

தாராளமாக எழுதலாம், அண்ணா. என் கணவர் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறேன்.

முகம் தெளிந்திருக்கிறது என்றால் எங்கள் காதில் "பருத்துவிட்டாய்" என்று விழும். உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்க்காதீர்கள், எத்தனை இட்லி என்று எண்ணாதீர்கள், "இன்னும் கொஞ்சம்" என்று மன்றாடாதீர்கள். உணவியல் நிபுணர் சொன்ன அளவைத் தட்டில் வைத்துவிட்டு, மெட்ரோ வேலை நடக்கும் தெருவைத் திட்டுங்கள், அலுவலகத்தில் நடந்த வம்பைச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்த அடுத்த ஒரு மணி நேரம்தான் மனத்துக்குள் பெரும் கூச்சல் இருக்கும், அப்போது எழுந்து போய்விடாதீர்கள். சீட்டாடுங்கள், பையன் பாடத்தை மூவருமாகப் பாருங்கள், எதுவானாலும் சரி.

இன்னொரு வேலை உங்களுக்கு மட்டுமே முடியும். போன வாரம் ஒரு வளைகாப்பில் என் பெரிய நாத்தனார் கூட்டத்துக்கு நடுவில், "அப்பாடா, இப்போதுதான் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அன்புதான், தெரியும். ஐந்து வகைச் சித்ரான்னத்தையும் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நம் சொந்தக்காரர்கள் "இளைத்துவிட்டாயே", "பூசினாற்போல் இருக்கிறாய்" இரண்டைத் தவிர வேறு எதையும் சொல்லிக் குசலம் விசாரிக்கக் கற்கவில்லை. உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நீங்கள் முன்கூட்டியே ஒரு போன் செய்துவிடுங்கள். விவரம் வேண்டாம். டாக்டர் சொல்லியிருக்கிறார், உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொன்னால் போதும். டாக்டர் பெயரைச் சொன்னால் நம்மவர்கள் கேட்பார்கள்.


கொன்றைப்பூ | வியாழன், காலை 6.20

பல்லாவரத்தாருக்கு ஒரே ஒரு சேர்க்கை. உட்காரச் சொல்லாதீர்கள். நீங்கள் முதலில் தட்டோடு உட்கார்ந்து, அவர் வரும் வரை சாப்பிடாமல் இருங்கள். அடுப்பை நீங்கள் பிறகு துடையுங்கள்.


மாலைநடை | வியாழன், பிற்பகல் 3.30

படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு 54. கல்லூரிக் காலத்தில் ஒரு முறை, மகள் கல்யாணத்துக்குப் பிறகு வீடு காலியானதும் மறுபடி. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் காலை மாலை நடப்பதைப் பார்த்து எல்லோரும் என்னை உதாரணம் காட்டுகிறார்கள். ஒரு நாள் நடக்காவிட்டால் சாப்பிட அனுமதி இல்லை என்று எனக்குள் ஒரு சட்டம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மாதவிலக்கு இயற்கையாகவே நின்றுவிட்ட வயது. இந்த வயதில் இதை அனோரெக்சியா என்று ஒப்புக்கொள்வார்களா? ஒப்புக்கொண்டாலும் இனி என்ன மாறப்போகிறது?


மருந்துச்சீட்டு | வியாழன், இரவு 8.45

அம்மா, ஒப்புக்கொள்வார்கள். மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற விதியை 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு) எடுத்துவிட்டது. நோயைத் தீர்மானிக்க இப்போது அது தேவையில்லை.

மாறுமா என்ற கேள்விக்கு ஒரு நீண்ட ஆய்வு பதில் சொல்கிறது. பாஸ்டனில் அனோரெக்சியா இருந்த பெண்களை இருபது ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்து, முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். ஒன்பதாவது ஆண்டில் பார்த்தபோது குணமானவர்கள் 31 சதவீதம்தான். 22-ஆவது ஆண்டில் ஏறக்குறைய 63 சதவீதம். பத்து வருடம் ஆகிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று கைவிடப்பட்டவர்களில் பலர் அதற்குப் பிறகு தேறியிருக்கிறார்கள். எல்லோரும் தேறவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது, மறைக்கவில்லை.

நடப்பதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதயத் துடிப்பு, இசிஜி, எலும்பு மூன்றையும் பார்க்கும் வரை கடற்கரை ஓடிப்போகாது. மாத்திரை ஒன்று போட்டால் தீருமா என்று பலர் கேட்பார்கள். அனோரெக்சியாவுக்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து இல்லை. பெரியவர்களுக்கு இதற்கென்று அமைத்த பேச்சுச் சிகிச்சைகள் உண்டு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அவற்றில் ஒன்று, 40 அமர்வுகள் வரை போகும். பணம் ஒரு தடை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்றவற்றின் மனநலப் புறநோயாளர் பிரிவுகளும் இருக்கின்றன. யாரிடமாவது முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.


நேர்பேச்சு | வியாழன், இரவு 9.30

முழுவதும் படித்தேன். என் பாட்டி விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கடைசியில் சாப்பிடும் பெண்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. அம்மா மாலைநடை, டாக்டரைப் பாருங்கள்.


பெருங்குடி விடுதி | வெள்ளி, காலை 8.10

அக்காக்கள் எல்லோரும் குடும்பம் என்கிறீர்கள். எனக்கு 26, பெருங்குடியில் பெண்கள் விடுதி, பெற்றோர் தென்காசியில். எனக்கு யார் பரிமாறுவார்கள்? விடுதிச் சாப்பாடு எட்டரைக்கு முடிந்துவிடும், தாமதமாக வந்தால் இல்லை. அந்த "இல்லை" எனக்கு எவ்வளவு வசதி என்று உங்களுக்குப் புரியும். சிகிச்சைச் செலவு வேறு. அலுவலகக் காப்பீட்டில் மனநோய்க்குப் பணம் வராது என்று மனிதவளத்தில் சொன்னார்கள்.


கொன்றைப்பூ | வெள்ளி, பிற்பகல் 1.05

தங்கச்சி, பரிமாற ஆள் இல்லாவிட்டால் பார்க்க ஓர் ஆள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவையோ அக்காவையோ வீடியோ அழைப்பில் வைத்துக்கொள். அவரும் அங்கே சாப்பிட வேண்டும், சும்மா உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. விடுதிச் சமையல்காரரிடம் உன் பங்கை டப்பாவில் எடுத்து வைக்கச் சொல். மாதம் ஏதாவது கையில் கொடுத்தால் செய்வார். அலமாரியில் எப்போதும் வேர்க்கடலை உருண்டை, பேரீச்சம்பழம், பால் பவுடர், சத்துமாவு. வாழைப்பழம் தெருமுனையில். சமைக்க இடமில்லை என்பது இந்த நோய்க்குக் கிடைக்கும் நல்ல சாக்கு, அதை அதனிடமிருந்து பிடுங்கிவிடு.


மருந்துச்சீட்டு | வெள்ளி, மாலை 6.30

காப்பீட்டைப் பற்றி: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4). உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதத்தில். மனிதவளத்தில் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தரும், வாராந்தர ஆலோசனைக் கட்டணம் தனித் திட்டம் இருந்தால்தான் கிடைக்கும். அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.


மாலைநடை | சனி, காலை 10.00

14416-ஐ அழைத்தேன். தமிழில் ஒரு பெண் பேசினாள், என் மகள் வயதிருக்கும். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். என் கூட வருவதற்கு மகளைக் கூப்பிட்டிருக்கிறேன். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை.


ஆவணிமாலை | ஞாயிறு, இரவு 9.15

இரண்டு இரவாக மாமியார் பரிமாறுகிறார். முதல் நாள் கரண்டியைக் கொடுத்தபோது, "ஏன், என் கை அளவு உனக்குச் சரிப்படுமா?" என்றார். சரிப்படாது என்பதால்தான் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. வத்தக்குழம்பு சாதத்தில் நல்லெண்ணெயை அவர் ஊற்றுகிற தாராளம் வயிற்றைக் கலக்குகிறது. சாப்பிட்டேன். வயிறு இன்னும் கல்தான். கணுக்காலை டாக்டர் பார்த்தார், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் அறையில் நான் தராசுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன், எண்ணை அவர் மட்டும் குறித்துக்கொள்கிறார். யாருக்காவது பயன்படலாம் என்று சொல்கிறேன், கேட்டால் செய்வார்கள்.

இப்போது ஓர் அற்பமான பிரச்சினை. அடுத்த மாதம் தங்கை கல்யாணம். ரவிக்கைகள் எதுவும் பத்தவில்லை. எங்கள் தெருத் தையல்காரர் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அளவையும் கடை முழுக்கக் கேட்கும்படி உதவியாளுக்குக் கத்துவார், போன தடவையைவிட எவ்வளவு கூட என்பதையும் சேர்த்து. அந்தக் கடைப் படி ஏற எனக்குத் தெம்பில்லை.


திருவல்லிக்கேணி நூர் | ஞாயிறு, இரவு 9.50

அற்பம் இல்லை, ஆவணி. என் பழைய துணிகள் எல்லாவற்றையும் அண்ணி ஒரே நாளில் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார். அலமாரியைத் திறந்தால் அவை நம்மை அழைத்துக்கொண்டே இருக்கும்.


கொன்றைப்பூ | திங்கள், காலை 6.10

நாடாவே வேண்டாம். தங்கையிடமோ தோழியிடமோ, உனக்கு இப்போது வசதியாக இருக்கும் ரவிக்கை ஒன்றைக் கடன் வாங்கி, இரண்டு நாள் போட்டுப் பார். கை தூக்க முடிகிறதா, மூச்சு விட முடிகிறதா, சாப்பிட்ட பிறகும் கொக்கி நிற்கிறதா என்று பார்த்துக்கொள். அதையே அளவு ரவிக்கையாகக் கணவரிடம் கொடுத்து அனுப்பு, நீ போகவே வேண்டாம். உள்ளே பக்கத்துக்கு நிறையத் துணி விட்டுத் தைக்கச் சொல், பிறகு பிரித்துவிட்டுக்கொள்ளலாம். முகூர்த்த மாதம் என்றால் இப்போதே கொடுத்துவிடு, கடைசி வாரத்தில் எந்தத் தையல்காரரும் வாங்க மாட்டார்.